இடப்பக்கத்து ஓட்டைகள்

என் படங்களைப் பற்றி யாராவது கேட்டால் இப்போதெல்லாம் மழை, வெயில் என்று பேச்சை மாற்றிவிடுகிறேன். போன வருஷம் வரைக்கும் நிலைமை நேர்மாறாக இருந்தது. கேட்டவர் கடிகாரத்தைப் பார்ப்பார், பையை எடுத்துத் தோளில் மாட்டுவார், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்பார், நான் விட மாட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே போய் எலெக்ட்ரானைப் பற்றிச் சொல்லி ஏற்றிவிட்டு வருவேன்.

கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். படம் வரைவது சின்ன வயசிலிருந்தே உண்டு. இரண்டையும் ஒன்றாகக் கட்டி, குவாண்டம் இயற்பியலைப் படமாக்க வேண்டும் என்று ஒரு பித்து நாற்பது வயசுக்கு மேல் பிடித்தது. முதலில் வரைந்ததெல்லாம் நீலச் சுழி, மஞ்சள் சுழி, நடுவில் ஒரு வெளிச்சம். எங்கள் பள்ளி ஓவிய ஆசிரியர் அவற்றைப் பார்த்துவிட்டு, சோப்புத்தூள் பாக்கெட்டுக்குக் கொடுத்தால் நன்றாக எடுபடும் என்றார். அவரோடு இரண்டு மாதம் பேசவில்லை. ஆனால் அவர் சொன்னது சரி.

வருஷா வருஷம் வகுப்பில் நான் ரசித்து நடத்துகிற சோதனை ஒன்று உண்டு. இரண்டு மெல்லிய கீறல்கள் போட்ட தடுப்பை நோக்கி எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்புவது. எதிரே இருக்கும் திரையில் ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாக விழும். அடுத்த புள்ளி எங்கே விழும் என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. ஆனால் ஆயிரக்கணக்கில் விழுந்த பிறகு பார்த்தால் திரையில் பட்டை பட்டையாக ஒரு வடிவம் தெரியும். சில இடத்தில் புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், சில இடம் வெறுமையாகக் கிடக்கும். எலெக்ட்ரான் எந்தக் கீறல் வழியாகப் போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தால் பட்டைகள் காணாமல் போய்விடும். இதைச் சொல்லும்போது பையன்கள் கொட்டாவி விடுவார்கள். எனக்கு மட்டும் உடம்பு சிலிர்க்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்கு ஒரே அக்கா, பத்து வயசு மூத்தவள். அத்தானுக்கு மணியாச்சியில் ரயில்வே வேலை, வாரத்தில் பாதி நாள் அங்கேயேதான் இருப்பார். அக்கா இருபத்தைந்து வருஷம் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவள். எங்கள் ஊரில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். கட்டை என்பது ஒரு மரச்சட்டம். பள்ளம் பள்ளமாக வெட்டிய மெல்லிய பலகைகளை அதில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கோத்து, பள்ளத்துக்கு ஒரு குச்சி வைத்துக்கொண்டே போக வேண்டும். சட்டம் நிறைந்தால் இரண்டாயிரத்துக்கும் மேலே குச்சிகள் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். அப்படியே மருந்தில் முக்குவார்கள். மெஷின் வந்த பிறகு அந்த வேலை போயிற்று. அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. முதுகு வலி போனதே பெரிது என்பாள். வேலையை விட்டு வரும்போது பழைய கட்டைகள் கொஞ்சம் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள், வெந்நீர் போட ஆகும் என்று.

அன்றைக்கு அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த கட்டைகளைப் பார்த்ததும் எனக்கு மண்டைக்குள் விளக்கு எரிந்தது. திரை, புள்ளிகள். குச்சி ஒவ்வொன்றும் ஒரு எலெக்ட்ரான். மருந்துக்குப் பதிலாக நீலச் சாயத்தில் முக்கினால் போதும். எரிக்காதே, எனக்கு அடுக்கிக் கொடு என்று அக்காவிடம் சொன்னேன். வெளியூருக்குப் போய்க் காட்டப்போகிறேன் என்றும் சொன்னேன். தம்பி பெரிய வாத்தியார், தன்னிடம் வந்து ஒன்று கேட்கிறான் என்பதில் அவளுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அப்போதே தெரிந்தது. சட்டியில் கிடந்ததை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மாசி மாதம் முதல் கட்டை வந்தது. பார்க்கப் பிரமாதம், எனக்கு உபயோகமில்லை. ஒரு பள்ளம் பாக்கியில்லாமல் நிறைந்திருந்தது. அங்கங்கே விட வேண்டும், திட்டம் இல்லாமல், தோன்றிய இடத்தில் விட வேண்டும் என்று விளக்கினேன். அவளால் முடியவில்லை. பத்துப் பள்ளம் தாண்டி ஒன்றை விடுவாள், அடுத்த பலகை வைப்பதற்குள் கை தானாகப் போய் அதை அடைத்துவிடும். ஓட்டைக் கட்டை என்றால் ஆபீசில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், எல்லார் முன்னாலும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். இருபத்தைந்து வருஷத்தில் தன் கட்டை ஒன்றுகூடத் திரும்பியதில்லை என்று அக்கா சொன்னாள். எனக்கு எரிச்சல் வந்தது. நானும் ஒரு கட்டையை எடுத்து ஓட்டை விட்டுப் பார்த்தேன். மனுஷன் கையால் விடுகிற ஓட்டை எல்லாம் வேண்டுமென்றே விட்டது போலத்தான் இருக்கும் என்று தெரிந்ததுதான் மிச்சம். பங்குனிக் கட்டையும் நிறைந்தே வந்தது.

சித்திரைக் கட்டையில் ஓட்டைகள் இருந்தன.

நான் சொல்லாமலே இருந்தன. இடது ஓரத்தில் நாலைந்து பள்ளங்கள் காலி. திட்டமில்லாமல், ஒழுங்கில்லாமல், நான் ஏங்கிக்கொண்டிருந்தது மாதிரியே. வைகாசியில் இன்னும் கொஞ்சம் கூடிற்று. ஆனியில் காலி இடம் ஓரத்திலிருந்து உள்ளே நகர்ந்து, வலது பக்கம் நெரிசலும் இடது பக்கம் வெறுமையுமாகப் படம் பேச ஆரம்பித்தது. சாயத்தில் முக்கிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அதற்கு முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அக்காவுக்கு ஒருவழியாகப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அப்படி நினைத்தது ஆனி வரைக்கும்தான். அதற்குப் பிறகு நடந்ததற்கு அந்தச் சாக்கும் இல்லை.

ஆடியில் ஒரு ஞாயிறு. அக்கா அடுக்கிக்கொண்டிருக்க, நான் அவளுக்கு இடப்பக்கம் என் வழக்கமான பிளாஸ்டிக் ஸ்டூலில் இருந்தேன். அவள் கையை நீட்டும்போது பக்கத்திலிருந்த காப்பி டம்ளர் உருண்டது. போன வாரமும் உருண்டது. துடைத்துவிட்டு, முடித்த கட்டையை விரலால் தடவிப் பார்த்தவள் திடீரென்று கேட்டாள்.

"ஏலே, இந்தப் பக்கம் ஓட்டை விழுதோ? கை தப்புது போல."

"தப்பட்டும்க்கா. அதுதான் நல்லா இருக்கு. அப்படியே விடு."

அவள் முகம் மலர்ந்தது. தப்பு என்று நினைத்துப் பயந்திருந்தாள், தம்பி நன்றாக இருக்கிறது என்றுவிட்டான். பிறகு அவள் தடவிப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

ஆனால் என் மூளைக்குள் ஏதோ உறுத்தியது. அதற்கடுத்த வாரம் நான் ஒரு காரியம் செய்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. அவள் தண்ணீர் குடிக்க எழுந்துபோன நேரத்தில், வலப்பக்கம் இருந்த குச்சிக் குவியலை நகர்த்தி இடப்பக்கம் வைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தவள் வலப்பக்கம் துழாவினாள். முன்னால் பார்த்தாள். முறத்தைத் தூக்கிப் பார்த்தாள். குவியல் அவள் இடது முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு முழ தூரத்தில் இருந்தது. உடம்பையே திருப்பிய பிறகுதான் கண்டாள். இங்கன எப்படி வந்தது என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். நானும் சிரித்தேன்.

சோதனை செய்து பார்த்துவிட்டேன், விடையும் தெரிந்துவிட்டது. அக்காவுக்கு இடது கண்ணில் ஏதோ ஆகிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கே ஆட்டோ பிடித்திருக்க வேண்டும். ஊரிலேயே கண் டாக்டர்கள் இருக்கிறார்கள், பத்து நிமிஷப் பயணம். நான் வீட்டுக்குப் போய், இன்னும் இரண்டு கட்டை, அதற்குப் பிறகு கூட்டிக்கொண்டு போகலாம் என்று எனக்கு நானே தவணை சொல்லிக்கொண்டேன். டாக்டரிடம் போனால் சொட்டு மருந்து போடுவார், கண்ணாடி கொடுப்பார், ஓட்டைகள் அடைபட்டுப்போகும் என்று பயந்தேன். வேலை, லீவு, அலைச்சல் என்று வேறு காரணங்களும் அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் இதுதான்.

ஆவணிக் கட்டையும் புரட்டாசிக் கட்டையும் அப்படி வந்தவை. புரட்டாசிக் கட்டையில் இடது கால்வாசி மொட்டையாகக் கிடந்தது. எட்டுக் கட்டைகளின் பின்னாலும் பென்சிலால் மாதத்தின் பெயரை எழுதினேன். ஐப்பசியில் சென்னையில் ஒரு கூட்டுக் கண்காட்சியில் வரிசையாக மாட்டினார்கள். நான் பேசினேன். பார்ப்பது என்பது சாதாரண விஷயமில்லை, பார்க்கிறவனையும் சேர்த்துத்தான் உலகம், அது இது என்று இருபது நிமிஷம். கைதட்டினார்கள். கடைசிக் கட்டைக்கு முன்னால் ஒரு பெண்மணி கண் கலங்கி நின்றார். நான் பூரித்துப்போனேன். ஊருக்குத் திரும்பும்போது ரயிலில் தூக்கமே வரவில்லை, அவ்வளவு பெருமை.

அக்காவை டாக்டரிடம் கூட்டிப்போகிற விஷயம் மறந்துபோயிற்று என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. கார்த்திகையில் மழை என்று தள்ளினேன். மார்கழியில் எங்கள் தலைமையாசிரியர், சென்னையில் காட்டியதை நம் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள் என்று பள்ளி ஹாலைக் கொடுத்தார், அது முடியட்டும் என்று தள்ளினேன்.

கண்காட்சி அன்றைக்கு அக்கா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, பழைய ஆபீஸ் தோழிகள் ஏழெட்டுப் பேரோடு வந்தாள். அவர்களோடு செக்கிங் அக்கா என்று அவர்கள் கூப்பிடுகிற அம்மாவும் வந்திருந்தார். அறுபத்தைந்து வயசிருக்கும். அந்த ஆபீசில் அடுக்கிய கட்டைகளைச் சோதித்து, நல்லதை உள்ளே அனுப்பி, ஓட்டையைத் திருப்பி அனுப்பியவர். கட்டையைப் பார்த்தே இது இன்னார் கை என்று சொல்லிவிடுவார் என்று அக்கா முன்பே சொல்லியிருக்கிறாள். பெண்கள் எல்லாரும் நீலக் கட்டைகளைப் பார்த்து வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தார்கள். ஓட்டைக் கட்டைக்கு மாலை போடாத குறைதான் என்று ஒருத்தி சொன்னாள். அக்காவும் சேர்ந்து சிரித்தாள்.

செக்கிங் அக்கா சிரிக்கவில்லை. முதல் கட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு கடைசி வரைக்கும் போனார். நின்றார். திரும்ப முதல் கட்டைக்கு வந்து, இந்தத் தடவை உள்ளங்கையை வைத்துக் குச்சித் தலைகளின் மேல் தடவிக்கொண்டே போனார். நான் விளக்கம் சொல்லப் பக்கத்தில் போனேன். கேட்டுக்கொள்ளவே இல்லை. எங்கள் அக்காவைக் கூப்பிட்டு, நேராக நில்லு, தலையைத் திருப்பாதே என்று சொல்லிவிட்டு, அவள் இடது காதுக்குக் கொஞ்சம் முன்னால் கையை வைத்து விரல்களை விரித்தார்.

"எத்தன வெரலு காட்டுதேன், சொல்லு."

"எங்கன காட்டுதீக?" என்றாள் அக்கா.

தோழிகள் வாயிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டார்கள். அக்கா மட்டும் விளையாட்டு என்று நினைத்து இன்னும் சிரித்தபடி நின்றாள். செக்கிங் அக்கா கையை இறக்கிவிட்டு, கண்ணு போன பிள்ளைகள் அடுக்கினது ரெண்டு மூணு பேருது பார்த்திருக்கிறேன், இப்படித்தான் ஒரு பக்கமாகக் கொறஞ்சுகிட்டே போகும் என்று மெதுவாகச் சொன்னார். சித்திரைக் கட்டையைக் காட்டி, இதில் ஆரம்பித்திருக்கிறது என்றார். பின்னால் திருப்பிப் பார்க்காமலே, மாதம் தெரியாமலே சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நீங்க மாசாமாசம் பாத்தீங்கல்லா சார். ஒங்களுக்குத் தெரியலையா?"

"இல்லக்கா," என்றேன். "நான் கவனிக்கல."

நா கூசாமல் சொன்னேன். அதற்குள் அக்கா எனக்காக முன்னால் வந்துவிட்டாள். அவன் என்ன செய்வான், அவன் படத்தைல்லா பாத்தான் என்றாள். எனக்கு வக்காலத்து வாங்குகிற அவசரத்தில் கட்டை வைத்திருந்த ஸ்டாண்டில் இடித்துக்கொண்டாள். இடது தோள்.

மறுநாள் உள்ளூர் டாக்டர் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிக்கு அனுப்பினார். கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றுவிட்டது என்றார்கள். வலிக்காதாம், அதனால் வருவது தெரியாதாம். இடது கண் போனது போனதுதான். வலது கண்ணிலும் தொட்டிருக்கிறது, ஆயுசு பூராவும் சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். நான் அந்த இளம் டாக்டரைத் தனியாகப் பிடித்து, ஆடியில் வந்திருந்தால் என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இடது கண்ணிலும் கொஞ்சம் மிச்சம் பிடித்திருக்கலாம் என்றார். ஏன் குறிப்பாக ஆடி என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் இருந்தாள். இருபக்கமும் கரிசல் காடு, உளுந்தும் பருத்தியுமாகப் பச்சை. அவள் வலப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்கி உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தாள். லீவு போட்டு அலைகிறாயே, பிள்ளைகளுக்குப் பரீட்சை வருமே என்றாள். ஒவ்வொரு வார்த்தையும் செருப்படியாக விழுந்தது. பத்துத் தடவை வாயைத் திறந்தேன். பத்துத் தடவையும் கண்டக்டர், மழை, டிக்கெட் என்று வேறு எதையோ சொன்னேன்.

தை முழுக்க ஞாயிறு தவறாமல் போனேன். பழம் வாங்கிக்கொண்டு போனேன். சொட்டு மருந்து விட்டேன். அத்தான், என் மச்சினனைப் போல உண்டா என்று எதிர்வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டைகள் எட்டையும் எங்கள் வீட்டுப் பரணில் துணி போட்டு மூடி வைத்தேன். சென்னையிலிருந்து ஒருவர் மறுபடி காட்டக் கேட்டார், பதில் போடவில்லை.

மாசியில் ஒரு ஞாயிறு போனபோது அக்கா வாசல் வெளிச்சத்தில் எனக்காகக் காத்திருந்தாள். மடியில் ஒரு கட்டை. நான் போய் என் வழக்கமான ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"எட்டோட நின்னு போச்சுல்லா," என்றாள். "ஒம்பதாவது அடுக்கியிருக்கேன். இப்ப வெரலை வச்சுத் தடவித் தடவித்தான் அடுக்குதேன், அதனால ஓட்டை விழ மாட்டேங்குது. ஒனக்கு வேணுமேன்னு இடப்பக்கம் எண்ணி எண்ணி விட்டிருக்கேன். சரியா வந்திருக்கான்னு பாரு."

வாங்கிப் பார்த்தேன். இடது கால்வாசி காலி. புரட்டாசிக் கட்டை எப்படி இருந்ததோ அப்படி. இருபத்தைந்து வருஷம் ஒரு பள்ளம் விடாதவள், காலையிலிருந்து உட்கார்ந்து, நான் ஆசைப்பட்ட ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் எண்ணி எண்ணி விட்டிருக்கிறாள். கட்டையைக் கீழே வைத்தேன்.

"அக்கா, நான் ஆடியிலயே கண்டுக்கிட்டேன்," என்றேன். "குச்சியை நகத்தி வச்சது நான்தான். ஒனக்கு அந்தப் பக்கம் தெரியலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

அவள் கை மடியிலேயே இருந்தது. முகம் நேராகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படியே இருந்து கேட்டாள்.

"தெரிஞ்சுக்கிட்டுத்தான் சும்மா இருந்தியா?"

நான் தலையை ஆட்டினேன்.

அவள் காத்துக்கொண்டிருந்தாள். எதற்கு இன்னும் காத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகுதான் ஸ்டூல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று உறைத்தது. நான் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

"ஏலே," என்றாள் அக்கா, "சொல்லு. சும்மா இருந்தியா?"

வாயைத் திறந்து, ஆமா என்றேன்.